புதருக்குள் இருந்த வீடு

அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்ற முடிவோடுதான் தம்பி வண்டியை நிறுத்தினான். ஐம்பது வயதைத் தாண்டியவள், புருஷனிடம் கேட்காமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாதவள், பூட்டிக் கிடந்த அம்மா வீட்டைத் திறந்து தனியாகக் குடியேறிவிட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு மாதமாக வெளியே மூச்சு விடாமல் இருந்த மாமா, அவள் புருஷன், நேற்றுதான் போனில் வெடித்தார். "உன் அக்காவுக்குப் புத்தி கெட்டுப் போச்சு. நீயே போய்ப் பேசிக் கூட்டிட்டு வா." பாங்க் கவுன்ட்டரில் கோபத்தோடு வருகிறவர்களைச் சமாதானப்படுத்தியே பழகியவன் தம்பி. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான்.

வந்து பார்த்தால் வீட்டையே காணவில்லை. கூரையின் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. மிச்சத்தை உண்ணிச்செடிகள் முள்ளும் கிளையுமாக விழுங்கியிருந்தன. ஆனால் கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு வழி வெட்டியிருந்தது. வெட்டுப்பட்ட தண்டுகளின் காட்டமான வாசனை மூக்கில் ஏறியது. பக்கவாட்டுச் சுவர் ஓரம் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அக்கா கடப்பாரையை ஓங்கி இறக்கிக்கொண்டிருந்தாள்.

"வாடா. அந்தக் கிளையெல்லாம் அந்தப் பக்கம் இழுத்துப் போடு. முள்ளு, பாத்து."

ஒத்திகை பார்த்ததில் ஒரு வாக்கியம்கூட இதற்குப் பொருந்தவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு அவன் கிளைகளை இழுக்கத் தொடங்கினான். இரண்டாவது நடையிலேயே சட்டைக் கை கிழிந்தது.

"ஏங்க்கா, மேலோட வெட்டி விட்டா போதாதா?"

"வந்த புதுசுல அப்படித்தான் வெட்டினேன். ஒரு மழைதான் பெஞ்சுது, முன்னைவிட அடர்த்தியா வந்து நின்னுச்சு. வேரோட எடுத்தாத்தான் அடங்கும்."

அவள் அவசரப்படவில்லை என்பதுதான் அவனுக்கு ஆச்சரியம். செடியைச் சுற்றி மண்ணைப் பறித்தாள். பக்க வேர்களை அரிவாளால் ஒவ்வொன்றாக அறுத்தாள். நிமிர்ந்து பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்து எங்கே கை வைக்கலாம் என்று செடியை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளங்கையில் பிளாஸ்திரி. முழங்கையெல்லாம் கீறல். தட்டை வைத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கி நிற்கிற அக்காவைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறான். இவள் எங்கே இருந்தாள்?

அவன் பையில் போன் அடித்தது. மாமா. எடுப்பதா வேண்டாமா என்று அவன் விழித்துக்கொண்டிருந்தபோதே அக்கா மண் கையை நீட்டினாள்.

"குடு இங்க."

மறுமுனையில் சத்தம் ஓயும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, யாரிடமோ கடைக்கு வழி சொல்வதைப் போலச் சொன்னாள். "நான் வரலைங்க. இங்க வேலை கெடக்கு. பாக்கணும்னா நீங்க வாங்க, கேட்டு தெறந்துதான் இருக்கும். வந்தா சும்மா நிக்க முடியாது, ஒரு கை பிடிக்கணும்."

போனைச் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடியும் கடப்பாரையை எடுத்தாள்.

"நீயும் கூப்பிடத்தானே வந்தே?"

"ஆமா," என்றான் தம்பி. கிழிந்த சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "இப்ப அடித்தண்டைப் பிடிச்சு இழுக்கணுமாக்கா?" என்று கேட்டான்.

அக்கா சிரித்துவிட்டாள். "இழு. உங்க மாமாவைவிட இது சீக்கிரம் அசைஞ்சு குடுக்கும்."

அவள் அடியில் நெம்ப, அவன் தண்டைப் பிடித்துத் தொங்கினான். உள்ளுக்குள் ஏதோ நரம்பு அறுவதுபோல் ஒரு சத்தம். செடி மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வர, அவன் மண்ணில் மல்லாந்து விழுந்தான். எழுந்து பார்த்தால், செடி நின்ற இடத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு ஜன்னல். இருவருமே அதை மறந்து போயிருந்தார்கள். அக்கா சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் முரண்டு பிடிக்கிற சத்தம், ஒரு தட்டு, இன்னொரு தட்டு. கதவு இரண்டும் திறந்துகொண்டன. உள்ளேயிருந்த பழைய தூசி வெயிலுக்குள் புகையாக வந்தது. அது அடங்கியதும், முகமெல்லாம் மண்ணாக, வியர்வை வழிய, கம்பியைப் பிடித்தபடி அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"அங்கேருந்து நான் தெரியறேனாடா?"