கதவிடுக்கில் வளைந்த குரல்

புவனேந்திரனுக்குக் கொரோனா என்று தெரிந்த அன்றே தேவமலர் அவனைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டாள். அவன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன். அவன் மனைவி தேவமலர் ஜாசின் ஊரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் பௌதிகம் கற்பிப்பவள். நாடே அடைந்து கிடந்த நேரம். கூடத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அங்கிருந்தே பாடம் நடத்தினாள்.

பின்னறையின் ஜன்னல் சிறியது. புழுக்கம் தாங்காமல் அவன் கதவைச் சாண் அகலம் திறந்து வைத்திருந்தான். சோற்றுத்தட்டை வாசலில் வைத்துவிட்டு, அவள் கதவுக்குப் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி, சுவரோரமாக நாற்காலி போட்டு உட்காருவாள். அங்கிருந்து அவனைப் பார்க்க முடியாது. அவனுக்கும் அவள் தெரியமாட்டாள்.

இரண்டு வருடமாகவே அவர்களுக்குள் பேச்சு குறைந்துபோயிருந்தது. கருவுற்ற ஏழாம் மாதத்தில் அவர்களுடைய பெண் குழந்தை இறந்தே பிறந்தது. இரத்தப்போக்கு நிற்காமல் தேவமலர் நினைவில்லாமல் கிடந்தாள். கண் விழித்தபோது அடக்கம் முடிந்திருந்தது. "எல்லாம் நான் பாத்துக்கிட்டேன்" என்று மட்டும் அவன் சொன்னான். கேட்டால் அவன் உடைந்துபோவான் என்று அவள் கேட்கவில்லை. அவனும் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்து அவள் வந்து உட்கார்ந்ததும் உள்ளிருந்து கேட்டான்.

"மலர், பெலாவான்னா என்னா? காலையிலேர்ந்து அதையே சொல்லிக்கிட்டு இருக்க."

"அலை வளையுறதுக்கு மலாய்ப் பேருங்க. அலை ஒரு இடுக்குல நுழைஞ்சு வெளிய வந்தா நேரா மட்டும் போகாது. ரெண்டு பக்கமும் வளைஞ்சு விரியும். அதனாலதான் நான் ஓரமா உக்காந்திருந்தும் நீங்க பேசுறது கேக்குது."

"அப்ப வெளிச்சம் மட்டும் ஏன் வளையல?"

"அதுவும் அலைதான். ஆனா ரொம்ப ரொம்பச் சின்னது. இந்த இடுக்கு அதுக்குக் கடல் மாதிரி. நேராப் போயிரும். அதான் உங்க மூஞ்சி தெரியல."

"தெரியாததே நல்லதுலா. சவரம் பண்ணி எவ்ளோ நாளாச்சு."

அவள் சிரித்தாள். அவன் முன்னால் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதன்பிறகு தினமும் பேசினார்கள். சுங்கை ரம்பாய்ப் பக்கம் லோரி சேற்றில் புதைந்த கதையை அவன் சொன்னான். வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கும் மாணவர்களைப் பற்றி அவள் சொன்னாள். சோறு ஆறிப்போகும்வரை பேசினார்கள்.

ஒரு மதியம் அவன், "மூஞ்சி தெரியாமப் பேசுறது லேசா இருக்கு மலர்" என்றான்.

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டாள்.

"நம்ம பாப்பா யாரு மாதிரி இருந்தா?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு அவன் பேசினான், மிகவும் தணிந்து. அவளுக்கு முனகல் மட்டுமே எட்டியது. தாழ்ந்த ஒலி நன்றாக வளையும். சொல்லைச் சொல்லாக்கும் கூரிய ஒலிகள் அவ்வளவு வளையாமல் நேராகப் போய்விடும். மாணவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்ததுதான். குரல் அவளிடம் வந்தது. சொற்கள் எதிர்ச்சுவருக்குப் போய்விட்டன.

"கேக்கலைங்க."

மறுபடியும் அதே முனகல். நடுவில் குரல் உடைந்து நின்றது.

தேவமலர் முகக்கவசத்தை அழுத்திக்கொண்டு எழுந்தாள். நாற்காலியை இழுத்துக் கதவிடுக்குக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். கட்டில் விளிம்பில் அவன் குனிந்திருந்தான். தாடி மண்டி, கன்னம் ஒட்டியிருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். தள்ளிப் போ என்று சொல்லவில்லை.

"உன் நெத்தி" என்றான். "மூக்கு மட்டும் என்னோடது. தலை நெறைய முடி. நீ வாங்கி வச்சிருந்தியே மஞ்ச சட்டை, அதப் போட்டுத்தான் தூக்கிட்டுப் போனேன்."

அந்தச் சட்டையை அவள் அலமாரியில் எத்தனையோ முறை தேடியிருக்கிறாள். யாரோ தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்திருந்தாள்.

"பெருசா இருந்துச்சா?"

"கையை மடிச்சு விட்டேன்."

இருவரும் அழுதார்கள். இடையில் அவனுக்கு இருமல் வந்தது. அவள் தண்ணீர்ப் போத்தலை வாசலுக்கு நகர்த்தி வைத்தாள்.

அவன் தேறி, கட்டுப்பாடு தளர்ந்தபிறகு இருவரும் செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னாலிருந்த இடுகாட்டுக்குப் போனார்கள். புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அவன் அங்குமிங்கும் நடந்தான். "இங்கதான். இல்ல, அந்த மரத்துக்கிட்ட." அவன் முகம் வெளிறியது. "அடையாளம் வச்சிருக்கணும் மலர். அன்னைக்கி எனக்கு ஒண்ணும் தோணல."

"பரவால்லங்க. இங்கனக்குள்ளதான இருக்கா. உக்காருங்க."

புல்லை மிதித்து இடம் பண்ணி உட்கார்ந்தார்கள். சற்றுப் பொறுத்து அவள் கேட்டாள்.

"நீங்க என்னா பேரு நெனச்சிருந்தீங்க?"

"கயல்."

அவள் நினைத்திருந்த பெயர் அதுவல்ல. ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லி, புல்வெளியை நோக்கி ஒருமுறை மெல்லக் கூப்பிட்டாள்.