கதவு திறக்காத விளையாட்டு

கை கதவை நோக்கி நீள்கிறது, பாதி வழியில் இடப்பக்கம் சரிந்து சுவரில் முட்டுகிறது, மறுபடி நீட்டினால் கதவைத் தாண்டிப் போய் ஜன்னல் கம்பியைப் பிடிக்கிறது, இன்னொரு கையில் ஒரு பொட்டலம் ஆடி ஆடி அடங்குகிறது, திரையில் தெரிவது அந்த இரண்டு கைகளும் மூடிய ஒரு கதவும் மட்டும்தான், கைகள் யாருடையவை என்று விளையாட்டு இதுவரை சொல்லவில்லை, ஆனால் வலது கட்டைவிரல் நகத்தைப் பார்த்ததுமே ஜெபசீலிக்குத் தெரிந்துவிட்டது, ஸ்பானர் நழுவி விழுந்து கறுத்துச் செத்துப்போன நகம், பாளையங்கோட்டையில் பஸ் கம்பெனி ஒன்றில் மெக்கானிக்காக இருந்த அப்பாவின் நகம், அப்பா ஈரல் கெட்டுச் செத்து மூன்று வருடம் ஆகப்போகிறது, மண்ணுக்குள் போன அந்த நகத்தை அவள் தம்பி ஆசீர் வரைந்து, ஓரத்துக் கிரீஸ் கறை உட்பட வரைந்து, சென்னை மேடவாக்கத்தில் ஒரு மத்தியான வெயிலில், துணி காய்கிற பால்கனியை ஒட்டிய மேசையில், அக்காளின் கைக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறான், மவுஸை நகர்த்தினால் அப்பாவின் கை நகர்கிறது, அவள் விரலை எடுத்துவிடுகிறாள், அப்பாவின் கையும் அந்தரத்தில் நின்று லேசாக நடுங்குகிறது.

இப்படி ஒரு விளையாட்டை வேறு யார் செய்திருந்தாலும் அவள் எப்போதோ விளையாடி முடித்திருப்பாள், காப்பீட்டு நிறுவனத்து வேலை போக மிச்ச நேரமெல்லாம் அவளுக்கு அதுதான் வேலை, யாரும் சீண்டாமல் போன வீடியோ கேம்களைத் தேடிப் பிடித்து விளையாடி, சனிக்கிழமைதோறும் ஒன்றைப் பற்றிப் பேசி இணையத்தில் போடுவாள், முதலில் குறைகளைத்தான் சொல்வாள், ஒளிக்காமல் சொல்வாள், கலங்கரை விளக்கில் தனியாக இருக்கும் ஒரு கிழவரைப் பற்றிய கேம், அதில் மழை ஆரம்பித்தால் நிற்காது, அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும், ஆனாலும் அந்த மழைக்குள் அவர் ரேடியோவைத் திருகுகிற சத்தத்துக்காக விளையாடுங்கள் என்பாள், ரயிலில் தபால் பிரிக்கிறவனைப் பற்றி ஒன்று, படியில் ஏறினால் கால் தரைக்குள் புதையும், எழுத்துப் பிழைகளுக்குக் கணக்கில்லை, ஆனாலும் விலாசம் இல்லாத தபாலை அவன் கையில் வைத்துக்கொண்டு நிற்பானே, அந்த ஒரு இடத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பாள், முகம் தெரியாத எத்தனையோ பேருடைய கோணல் மாணல்களையெல்லாம் பொறுத்துக்கொண்டவள் தம்பி அனுப்பியதை மட்டும் திறக்காமலேயே வைத்திருந்தாள், சொந்தத் தம்பி செய்ததைப் புகழ்ந்தால் கேட்கிறவர்கள் நம்புவார்களா என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தாள், உண்மையில் அவன் அனுப்பும்போது எழுதியிருந்த ஒற்றை வரிதான் காரணம், குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிற ஒருத்தரைப் பற்றிக்கா என்று எழுதியிருந்தான், அதற்கு மேல் அவளால் போக முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து அம்மா போன் பண்ணினாள், அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, கம்ப்யூட்டரையும் தொடுவதில்லை, கூப்பிட்டால் உம் கொட்டுகிறான் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஊர்ல உள்ள எவன் எவனோ செஞ்சதையெல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுத, ஒந் தம்பி செஞ்சத ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கியே ஏட்டி, என்றாள்.

அதற்காகத்தான் இன்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், எப்போதும் போல இதையும் குறைகளிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்தாள், கை சொன்னபடி கேட்கவில்லை, பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடக்க வேண்டும், அதுதான் மொத்த விளையாட்டும், நடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது, பொட்டலம் அதிகம் ஆடினால் அடியில் எண்ணெய்க் கறை பரவுகிறது, எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள், ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்கின்றன, கடைசியில் ஒரு கதவு, அது திறப்பதே இல்லை, இணையத்தில் வாங்கி விளையாடிய கொஞ்சம் பேரும் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள், கதவு வேலை செய்யவில்லை, முடிவே இல்லாத கேம், காசு வீண், ஒருவன் சத்தம் அரைகுறை என்று எழுதியிருந்தான், அவளுக்கும் இடது காதில் எதுவும் கேட்கவில்லை, ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மாட்டினாள், செல்போனில் சொருகிப் பார்த்தாள், அதில் இரண்டு பக்கமும் கேட்டது, மறுபடி விளையாட்டுக்கு வந்தால் செருப்பின் இழுவையும் நாய்க் குரைப்பும் வலது காதில் மட்டும், இடது பக்கம் பஞ்சு அடைத்த மாதிரி கிடந்தது, அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, ஆசீருக்கு இடது காது கேட்காது, எதைச் சொன்னாலும் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுப்பான், வீட்டில் எல்லோருமே பழக்கத்தில் அவனுக்கு வலப்பக்கமாகத்தான் உட்காருவார்கள், ஆற்றில் முங்கிக் குளித்து, காதில் தண்ணீர் போய்ச் சீழ் வைத்துவிட்டது என்று அம்மா சொல்லியிருந்தாள், அப்போது ஜெபசீலி சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாள், அவனுக்குப் பன்னிரண்டு வயது, அவன் செய்த விளையாட்டில் பாதிச் சத்தம் இல்லை என்பது அவனுக்கே தெரியாது.

கை மறுபடி கதவை நோக்கிப் போகிறது, கதவு பச்சை நிறம், கீழ்ப்பலகையில் ஒரு விரிசல், ஊர் வீட்டுக் கதவேதான், அந்த விரிசலுக்கு இந்தப் பக்கம் அவள் இருக்கிறாள், இல்லை அந்தப் பக்கம், ஸ்டூலைப் போட்டு ஏறி மேல் தாழ்ப்பாளைப் போடுகிறாள், பதினான்கு வயது, எட்டு வயது ஆசீரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு முதுகைக் கதவில் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள், அம்மா விளக்கை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி ஜெபிக்கிறாள், இப்போது உதைப்பார், இப்போது, முதுகில் வந்து விழும் அந்த அதிர்ச்சிக்குப் பல்லைக் கடித்துக்கொள்கிறாள், ஆனால் திரையில் அப்பா உதைக்கவில்லை, உதைப்பதற்கு ஒரு பொத்தானைக்கூட ஆசீர் வைக்கவில்லை, கை கதவில் பட முடியாமல் நடுங்குகிறது, பிறகு கைகள் தாழ்ந்து வாசற்படி தெரிகிறது, அவர் உட்கார்ந்துவிட்டார், பொட்டலம் சரிந்து சால்னா படியில் ஓடுகிறது, நூல் பிரிந்த வாழையிலையிலிருந்து பரோட்டா ஒன்று வெளியே கிடக்கிறது, அந்தப் படியைக் காலையில் கழுவியது அவள்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு, எறும்பு மொய்த்த ஈரத்தைப் பார்க்காமல் எட்ட நின்றே வாளித் தண்ணீரை விசிறி, வாந்தி என்றே நினைத்து, பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் எத்தனை நாள் கழுவியிருப்பாள், அது சால்னாவா, இல்லை, தம்பி பொய்யாக வரைந்திருக்கிறானா, செத்தவரை நல்லவராக்க ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்திருக்கிறானா, அவள் மடிக்கணினியை அடித்து மூடினாள், கோபத்தில் கை நடுங்கியது, அந்த நடுக்கம் சற்று முன் பார்த்த கையின் நடுக்கத்தைப் போலவே இருந்தது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

வெள்ளிக்கிழமை ரயில் ஏறிச் சனிக்கிழமை காலையில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள், அம்மா இட்லி அவித்து வைத்துவிட்டுச் சபைப் பெண்கள் கூட்டத்துக்குக் கிளம்பினாள், கிளம்பும்போது இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், ஆசீர் தாடி விட்டிருந்தான், அறையில் கம்ப்யூட்டரின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது, விளையாடுனியாக்கா என்று அவன்தான் கேட்டான், கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான். விளையாடினேன் என்றாள், ஒதைக்கிறதுக்கு ஒரு பொத்தான்கூட வைக்கலியேல, அவரு ஒதைக்காத நாள் உண்டா, என்று ரயிலில் இரவெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை எடுத்த எடுப்பில் போட்டுவிட்டாள், அவன் கோபப்படவில்லை, வச்சிருந்தேன்க்கா, விளையாடிப் பாக்கக் குடுத்தேன், எல்லாவனும் கதவுகிட்ட வந்த ஒடனே அதத்தான் அமுக்குதான், சிரிச்சுக்கிட்டே அமுக்குதான், எடுத்துட்டேன், என்றான். நீ அவருக்காகப் பேசுதியால என்று கேட்டாள், இல்லை என்று தலையாட்டினான், அடிச்சது அடிச்சதுதான், நான் மன்னிக்கவும் இல்ல, ஒன்ன மன்னிக்கச் சொல்லவும் இல்ல, என்றான், ஆஸ்பத்திரியில் நாலு மாதம் அவருக்குப் பெட்பேன் எடுத்து வைத்தவன் அவன், அவள் அடக்கத்துக்கு மட்டும் வந்து, மண் போட்டுவிட்டு, அன்றைக்கே ரயில் ஏறியவள், அதனால் அதற்கு மேல் கேட்பதற்குத் தனக்கு உரிமை உண்டா என்று ஒரு கணம் தயங்கினாள், தயங்கிவிட்டுக் கேட்டாள், அந்தப் பொட்டலம் நிசமா. நீ மூக்கப் பொத்திக்கிட்டுத் தண்ணி ஊத்துவ, நீ மெட்ராசுக்குப் போன பொறவு நாந்தான கழுவுனேன், கிட்ட போய்ப் பாத்தேன், பரோட்டா ஊறிக் கெடக்கும், நாலு பேருக்கு வாங்கியிருப்பாரு, என்றான், அதைச் சொல்லும்போது அவன் குரலில் பரிதாபமும் இல்லை, வெறுப்பும் இல்லை, வெறுமனே பார்த்ததைச் சொன்னான். அம்மாவுக்குத் தெரியுமா என்று அவள் கேட்கவில்லை, அந்த வாசல் வழியாக அம்மாவும்தானே தினமும் நடந்தாள்.

இடது பக்கம் சத்தம் இல்லை என்பதைக் கடைசியில்தான் சொன்னாள், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஹெட்போனைப் பற்றி ஏதோ ஆரம்பித்து, சுற்றி வளைத்துச் சொன்னாள், அவன் முகம் வெளுத்தது, சத்தம் அரைகுறைன்னு ஒருத்தன் எழுதியிருந்தான், நல்லா இல்லன்னு சொல்லுதான்னுதான் நெனச்சேன், என்று எழுந்து துண்டை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டான், பல மாதத்துக்குப் பிறகு அதைத் தொடுகிறான், ஒரு மணி நேரம் போல எதையெதையோ மாற்றினான், சரியா என்று பார்க்க அவனால் முடியாது, ஹெட்போனின் இடது பக்கத்தை அவளிடம் நீட்டினான், அவள் காதில் வைத்தாள், முதலில் ஒன்றும் இல்லை, பிறகு அப்பாவின் செருப்பு தூரத்திலிருந்து இழுத்து இழுத்து வந்தது, வருதாக்கா என்றான், வருகிறது என்றாள், செருப்பு நெருங்கி வந்து வாசலில் நின்றது, அந்த நிசப்தத்துக்குள்தான் அவள் கேட்டாள், ஒன் காது, ஆத்துத் தண்ணிதானால அது. அவன் கீபோர்டில் இருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னான், ஒரு நா சத்தம் நின்ன பொறவு கதவத் தொறந்துட்டேன்க்கா, அம்மா ஒறங்கிட்டா, பொட்டலத்த மட்டும் எடுத்துட்டு வந்துரலாம்னுதான், அவரு ஒறங்கல. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றாள், ஒனக்குப் பரீச்ச, என்றான். அதன் பிறகு தானாகவே சொன்னான், கதவு திறந்தால் என்ன நடக்கும் என்று எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தானாம், பிள்ளைகள் வெளியே வருவதாக, அம்மா வருவதாக, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவதாக, எப்படி எழுதினாலும் கதவு திறந்ததும், அறை விழுந்த அன்றைய சத்தம் இடது காதுக்குள் ஊய் என்று வந்துவிடுமாம், கை நின்றுவிடுமாம், அதான் தொறக்காமலே விட்டுட்டேன், என்றான், அவள் அவனுடைய இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அந்தப் பக்கத்திலிருந்து சொன்னால் அவனுக்குக் கேட்காது என்பது நினைவுக்கு வந்து, எழுந்து போய் வலப்பக்கம் உட்கார்ந்தாள், உட்கார்ந்த பிறகு சொல்ல வந்தது என்னவென்று மறந்துபோயிருந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை, பேசிப் போட வேண்டிய நாள், போடவா என்று கேட்டாள், அப்பான்னு சொல்லாத, தம்பின்னு சொல்லிக்கோ, என்றான், செல்போனை மேசைமேல் வைத்துப் பதிவை ஆரம்பித்தாள், இது தன் தம்பி செய்தது என்று முதலிலேயே சொன்னாள், பிறகு வழக்கம் போலக் குறைகளைச் சொன்னாள், கை நீங்கள் சொன்னபடி கேட்காது, நடை ஒரு பக்கமாக இழுக்கும், கதவு திறக்காது, திறக்கும் என்று காத்திருக்காதீர்கள், கோளாறு என்று எழுதிப் போடவும் செய்யாதீர்கள், அது திறக்காத கதவுதான், என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஆனாலும், என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள், எத்தனையோ வாரங்களாக அந்தச் சொல்லுக்குப் பிறகு தானாக வந்துகொண்டிருந்தது இன்றைக்கு வரவில்லை, தெருவில் யாரோ மோட்டார் போட்டார்கள், தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, ஆசீர் நன்றாகக் கேட்கிற காதை அவள் பக்கம் சாய்த்தபடி காத்திருந்தான், பன்னிரண்டு வயதில் அவன் எப்படி இருந்தான் என்று அவளுக்கு நினைவே வரவில்லை, அந்த வருடம் அவள் ஊருக்கே வரவில்லை, கதவைத் திறந்துகொண்டு ஒரு பையன் வெளியே போவது மட்டும் கனவில் போலத் தெரிந்தது, முகம் இல்லை, படி தெரிந்தது, ஈரம் தெரிந்தது, அவள் போனை மறந்து தம்பியைப் பார்த்துக் கேட்டாள், அன்னைக்கு அந்தப் பொட்டலத்த என்னல செஞ்ச.

சாப்பிட்டேன்க்கா, என்றான் ஆசீர். உள்ள கொண்டு வந்து, தாழ்ப்பாளப் போட்டுட்டு, இருட்டுல இருந்து சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.

அதை வெட்டட்டுமா என்று கேட்டாள், வேண்டாம், இருக்கட்டும் என்றான். அந்த வாரப் பதிவில் அதற்குமேல் எதுவும் இல்லை.