படகுக்காரி திட்டுகிறாள்

ஓட்டல் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனை எனக்கு, மறுமுனை குண்டூசிக்கு. ஆள் ஒல்லி, பேச்சு குத்தல், அதனால் அந்தப் பெயர். வாய் ஓய்ந்தால் போனை அலமாரி மேல் வைத்து எதையாவது ஓடவிடுவாள். அன்றைக்கு ஓடியது ‘தூசிதட்டி’.

தூசிதட்டி என்பது யூடியூபில் பேசும் ஓர் ஆளின் பட்டப்பெயர். முகம் காட்ட மாட்டார், குரல் மட்டும்தான். யாரும் சீந்தாத ஆர்.பி.ஜி. விளையாட்டுகளைத் தேடிப் பிடித்து, கடைசிவரை ஆடிப் பார்த்து, “இதை ஆடுங்கய்யா” என்று சொல்வது அவர் வேலை. ஆர்.பி.ஜி. என்றால், நாமே ஒரு பாத்திரமாக மாறி ஊர் ஊராகப் போய், கண்டவர்களிடம் பேசி, சண்டை போட்டு, கதையை நடத்திக்கொண்டு போகும் வீடியோ விளையாட்டு. பெரிய கம்பெனிக்காரர்கள் செய்தால் ஊரே ஆடும். வீட்டு அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்தால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

அப்படி ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்தவரைத்தான் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். வருடக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒரு விளையாட்டைச் செய்து இணையக் கடையில் வைத்தார். வாங்கியவர்கள் என் தம்பி, அவருடைய பழைய நண்பர், அப்புறம் கைதவறி அழுத்திய யாரோ ஒருவர். மனுஷன் அப்படியே சுருண்டுவிட்டார். அன்று காலை நான் கிளம்பும்போது, “சாயங்காலம் அதைக் கடையிலேருந்து எடுத்துடறேன். மாமாவோட டயர் கடைக்கு வர்றதாச் சொல்லிட்டேன். கம்ப்யூட்டரையும் யாருக்காவது குடுத்துடலாம்” என்றார். டயர் கடையில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் சொன்ன குரலில் உயிரே இல்லை. “சரிங்க, உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தூசிதட்டி முதலில், ஒரு பேய் வாடகைக்கு வீடு தேடி அலையும் விளையாட்டைப் பற்றிச் சொன்னார். எந்த வீட்டுக்காரரும் பேய்க்கு வீடு தர மாட்டாராம். குண்டூசி, “நம்ம பொழப்பேதான்” என்றாள். அப்புறம் மேகம் மேய்க்கிறவளைப் பற்றி ஒன்று. அதன் பிறகு, “கடைசியா ஒண்ணு. ‘ஆற்றைத் தாண்டினால்’னு பேரு” என்றார்.

விரிப்பின் முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது எங்கள் வீட்டு விளையாட்டு.

“சண்டை சுமார்தான். பொம்மைங்க வாத்து மாதிரி நடக்குதுங்க. ஆனா ஆத்தங்கரையில ஒரு படகுக்காரி இருக்கா பாருங்க! மத்தவங்க எல்லாம் ராஜா காலத்துத் தமிழ் பேசறாங்க. இவகிட்ட அடிபட்டு ரத்தத்தோட போய் நின்னா, ‘வந்துட்டாரு தொரை! சாப்பாடு ஆறிப் பச்சத்தண்ணியாப் போச்சு. கண்ணு ரெண்டும் கோவைப்பழமாட்டம் இருக்கு. உலகத்தை அப்புறம் காப்பாத்தலாம், முதல்ல வந்து கொட்டிக்கோங்க’ன்றா!”

குண்டூசி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விரிப்பைத் தரையில் போட்டுவிட்டேன். அது என் வாய். வார்த்தைக்கு வார்த்தை என் வாய்!

தூசிதட்டியின் குரல் கொஞ்சம் இறங்கியது. “நான் தனியா இருக்கிறவன். என்னைத் திட்டிச் சாப்பிடக் கூப்பிட ஆள் இல்லாமப் போய் ரொம்ப நாளாச்சு. கடைசியில கொல்ல வேண்டிய பூதத்தை அப்படியே விட்டுட்டு, திட்டு வாங்கவே திரும்பித் திரும்பி ஆத்தங்கரைக்குப் போனேன். செஞ்சவரு யாரோ, நல்லா இருங்கய்யா.”

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?”

“அது எங்க வீட்டுக்காரர் செஞ்சதுடி. அந்தப் படகுக்காரி நான்தான். இன்னிக்குச் சாயங்காலம் அதைக் கடையிலேருந்து எடுக்கப் போறாரு.”

குண்டூசி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அதானே, எங்கயோ கேட்ட திட்டா இருக்கேன்னு பாத்தேன். இங்க தினமும் ஓசியில கிடைக்குது, அதுக்குப் போய் அந்த மனுஷன் உருகறாரு! சரி, அண்ணன் அதை எடுத்துத் தொலைக்கிறதுக்குள்ள ஓடு. சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

ஓடினேன். அவர் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தார். நல்லவேளை, இன்னும் எடுக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, தூசிதட்டி பேசியதைப் போனில் போட்டுக் காட்டினேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயையோ, அது தப்பு! எழுதறப்ப இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு, அந்த நேரத்துல நீ என்ன கத்திட்டிருந்தியோ அதையே அடிச்சு வெப்பேன். அப்புறம் நிஜ வசனத்தைப் போட்டுடணும். எல்லாருக்கும் போட்டேன். படகுக்காரிக்கு மட்டும் மறந்துட்டேன்.”

“நிஜ வசனம் என்னவாம்?”

தொண்டையைச் செருமிக்கொண்டார். “‘நதியைக் கடப்பவனே, உன் விதியைக் கடக்க வல்லாயோ?’”

சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

“இரு, இப்பவே மாத்திடறேன். அவரு சொல்லி நாலு பேர் வருவாங்க. தப்போட நிக்கலாமா?” என்று விசைப்பலகையில் கை வைத்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ!

“கையை எடுங்க! புத்தி இருக்கா உங்களுக்கு? அந்தத் தப்புக்காகத்தான் ஒரு மனுஷன் பூதத்தை விட்டுட்டு ஆத்தங்கரைக்கு அலைஞ்சிருக்காரு. அதுல போய் விதி கிதின்னு பினாத்தப் போறீங்களா? ஒரு எழுத்தைத் தொட்டீங்க, இந்த வீட்ல உங்களுக்குப் பச்சத்தண்ணி கிடையாது!”

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“திட்டிட்டே.”

“பின்னே, கொஞ்சுவாங்களா?”

“இந்த விளையாட்டு படுத்ததிலேருந்து நீ என்னைத் திட்டவே இல்ல. நோயாளிகிட்ட பேசற மாதிரி சரிங்க, சரிங்கன்னே சொன்னே. நீயே கைவிட்டுட்டே, இனிமே நமக்கு என்ன இருக்குன்னுதான்…”

நொந்துபோன மனுஷனை மேலும் நோகடிக்க வேண்டாம் என்று நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதுவா இவரை இப்படிப் போட்டு அழுத்தியது? அவர் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் நன்றாக அழுதோம். முகம் தெரியாத அந்தப் புண்ணியவானை என் மனசு வாழ்த்திக்கொண்டே இருந்தது.

விளையாட்டைக் கடையிலிருந்து எடுக்கவில்லை. டயர் கடைக்கு அரை நாள் மட்டும் போவதென்றும், மிச்ச நேரம் அடுத்த விளையாட்டு என்றும் பேசி முடித்தோம். பிறகு அவருடைய போனை வாங்கி நானே தூசிதட்டிக்கு எழுதினேன்.

“படகுக்காரி பேசறேன். நீங்க செஞ்ச உதவியை நாங்க சாகிறவரைக்கும் மறக்க மாட்டோம். அது கிடக்கட்டும், சாப்டீங்களா இல்லையா? நேரத்துக்குச் சாப்பிடாம யாரோ செஞ்ச விளையாட்டை ஆடிட்டு உக்காந்திருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

அனுப்பிவிட்டேன். அதிகப்பிரசங்கித்தனம் பண்ணிவிட்டோமோ என்று இருந்தது. அப்புறம் பதில் வந்தது.

“இன்னும் இல்லைங்க. இதோ, எந்திரிச்சுட்டேன்.”