என்றைக்கு என்று சொல்லுங்கள்

"கடையை வித்துட்டு லெஸ்டருக்கு வந்துடும்மா, எங்களோட இருந்துக்கலாம்" என்று மகன் டேரன் நச்சரித்துக்கொண்டே இருந்தான். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் கிளெனிஸுக்குப் போக மனசே இல்லை. ஆனால் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு இந்த ஊரில் தனியாகக் கிடக்க ஒரு காரணம் வேண்டுமே!

காரணம் என்று ஒன்று இருந்தால், அது கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தது. லென் டாப்செல், மீன்பிடிப் படகுக்காரர், மனைவியை இழந்தவர், சரியான கல்லுளிமங்கன். ஆறு வருடமாகத் தினமும் வருகிறார். மத்தியானம் மழை பிடிக்கும் என்பார், பிடிக்கும். நாளைக்குக் காற்று திரும்பும் என்பார், திரும்பும். வானத்தைப் பற்றி இவ்வளவு சொல்லும் மனுஷனுக்குத் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

"ஒருநாள் நாம ரெண்டு பேரும் எங்கயாவது போய்ச் சாப்பிடணும்" என்று மட்டும் அவ்வப்போது சொல்வார். அந்த ஊரில் அப்படிச் சொன்னால் ஒன்றும் அர்த்தமில்லை. பக்கத்து வீட்டுக்காரிகூடத்தான் வருஷக்கணக்காக "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்கிறாள். நிஜமாகவே போய்க் கதவைத் தட்டியிருந்தால் அவளுக்கு மயக்கம் வந்திருக்கும். அதனால் கிளெனிஸும், "ஆமா, கண்டிப்பா ஒருநாள்" என்று சிரித்துவிட்டுக் கோப்பையைத் துடைக்கப் போய்விடுவாள்.

அப்போதுதான் அந்த இத்தாலிக்காரி வந்து நின்றாள். பெயர் டொனாட்டெல்லா. அங்கே பாரி என்ற ஊரில் ரொட்டிக் கடை வைத்திருப்பவள், ஆங்கிலேய மருமகனோடு பேசுவதற்காக ஆங்கிலம் படிக்க வந்திருக்கிறாள். கோடை வந்தால் மொழிப் பள்ளிக்கூடங்கள் மாணவர்களைக் கையில் தாளோடு தெருவில் அவிழ்த்துவிடும். கண்ணில் பட்டவரிடம் கேள்வி கேட்டுப் பதிலை எழுதிக்கொண்டு போக வேண்டும். இன்றைய பாடம் எதிர்கால வினைச்சொல்.

"வணக்கம் ஐயா. அடுத்த வாரம் தாங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?"

லென் கடலைப் பார்த்தார். "பார்க்கலாம். காத்து எப்படி இருக்கோ."

"நான் காற்றைப் பற்றி வினவவில்லை, ஐயா. தங்களைப் பற்றி வினவுகிறேன்."

கிளெனிஸ் பக்கென்று சிரித்துவிட்டாள். லென்னின் காது சிவந்தது. "ஒருநாள்... இவங்களை எங்கயாவது சாப்பிடக் கூட்டிட்டுப் போகணும்."

"ஒருநாள் என்று எழுதினால் என் ஆசிரியை ஏற்கமாட்டார். என்றைக்கு என்று சொல்லுங்கள்."

பாவம் மனுஷன், மாட்டிக்கொண்டார் என்று கிளெனிஸ் குறுக்கே புகுந்தாள். "விடுங்கம்மா, அவர் ஒரு மரியாதைக்குச் சொல்றாரு."

லென் கோப்பையை ணங்கென்று வைத்தார். "மரியாதைக்கா? ஆறு வருஷமாவா? நீங்கதான் ஒவ்வொரு தடவையும் 'கண்டிப்பா ஒருநாள்'னு சொல்லித் தட்டிக் கழிச்சீங்க. என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன்."

கிளெனிஸுக்கு முதலில் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை மாலைகள் வீணாய்ப் போயின!

"நாள் சொல்லாம கூப்பிட்டா எந்தப் பொம்பளை வருவா? நீங்க கடலைப் பார்த்துச் சொல்றீங்க, நான் கடலைத்தான் கூப்பிடுறீங்கன்னு நினைச்சுட்டேன்!"

"புதன்கிழமை" என்றார் லென், இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்து. "ஏழு மணிக்கு."

டொனாட்டெல்லா அழுத்தி எழுதிக்கொண்டாள். பிறகு பேனா கிளெனிஸ் பக்கம் திரும்பியது. "அம்மணி, தாங்கள் செல்வீர்களா? அங்கே என்ன நிகழும் என்று எண்ணுகிறீர்கள்?"

"பார்க்கலாம்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கதோஷம். கிளெனிஸ் அதை விழுங்கினாள்.

"போவேன்" என்றாள். "இந்த மனுஷன் சூப்புல தொடங்கி கடைசி வரைக்கும் மழையைப் பத்தியே பேசுவாரு. அதுதான் நடக்கும்."

"பேசமாட்டேன்" என்று சிரித்தார் லென்.

அவர் சிரித்து இதுவரை அவள் பார்த்ததே இல்லை. முன்பல் ஒன்று லேசாகக் கோணல். சந்தோஷத்தில் அதையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில், பால் கொஞ்சம் சிந்தியது.

கடை சாத்தும் நேரத்துக்கு டேரன் போனில் கூப்பிட்டான். "என்னம்மா முடிவு பண்ணே? அடுத்த வாரம் சனிக்கிழமை வேன் எடுத்துட்டு வரட்டா?"

"இப்ப வேண்டாம்டா. புதன்கிழமை நான் வெளியில சாப்பிடப் போறேன்."

"புதன்கிழமைதானே? சனிக்கிழமைக்கு என்ன?"

"அது புதன்கிழமை போயிட்டு வந்தாத்தான்டா தெரியும்."