மஞ்சள் பெட்டி, கறுப்புப் பெட்டி

மாவூன் நகரில் அவர்கள் இசைக்குழு கூடுவது மோவாகியின் தகரக் கொட்டகையில்தான். கார் பழுது பார்க்கும் இடம். சனிக்கிழமை மதியம் வண்டிகளை வெளியே தள்ளிவிட்டு டிரம்ஸை உள்ளே இழுத்துப் போடுவார்கள். எந்த வெயிலிலும் மூன்று பேரும் கறுப்புத் தோல் சட்டையைக் கழற்ற மாட்டார்கள்.

அன்றைய தகராறு இரண்டு பெட்டிகளால் வந்தது. கிதாரின் சத்தத்தை உறும வைக்கிற ஓவர்டிரைவ் பெடல்கள், காலால் அழுத்துபவை. மோவாகியின் மஞ்சள் பெட்டி ஜோகன்னஸ்பர்க் கடையில் வாங்கியது. கொராதாவின் கறுப்புப் பெட்டி, பழைய ரேடியோக்களைப் பிரித்து அவளே பற்றவைத்தது. மறுநாள் பாட்டுப் பதிவு. நடுவில் வரும் கொராதாவின் தனிவாசிப்புக்கு எந்தப் பெட்டி?

"உன் டப்பாக்குள்ள கொசு மாட்டிக்கிட்டு அழுவுது" என்றான் மோவாகி. அவள் பெரியம்மா மகன். குழுவுக்கும் தலைவன்.

"கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா உனக்கு எது எதுன்னே தெரியாதுண்ணே."

"எனக்கா? வை பாப்போம்!"

மோவாகி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். டிரம்ஸ் வாசிக்கும் செட்லாரே ஒயரை மாற்றி மாற்றிச் செருக ஒப்புக்கொண்டான்.

"ரெண்டுக்கும் சத்தத்த ஒரே அளவா வைடா" என்றாள் கொராதா. "கூட வச்சா அதுதான் நல்லாருக்குன்னு தோணும்."

ஒரே மெட்டை இரண்டிலும் வாசித்தாள். இரண்டாவதைக் கேட்டதும் மோவாகி தொடையில் தட்டினான். "இதான் என்னோடது! காட்டெருமை மாதிரி வருது பாரு!"

அது கறுப்புப் பெட்டி. இன்னொரு தடவை என்றான். மறுபடியும் கறுப்பையே தன்னுடையது என்றான்.

செட்லாரே ஸ்டூலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். "தலைவரே, அந்தக் கொசுவயே ரெண்டு தடவ கட்டிப் புடிச்சிட்டீங்களே!"

மோவாகி கறுப்புப் பெட்டியைப் பிடுங்கி, மூலையில் கிடந்த இன்ஜின் மேல் ஓங்கி அடித்தான். மூடி பிளந்து, உள்ளே இருந்ததெல்லாம் சிதறியது. "இப்ப வாசிடி பாப்போம்."

கொராதா மைக் கம்பியைத் தூக்கி அவன் வாயில் அடித்தாள். ஒரு பல் எண்ணெய்த் தரையில் விழுந்தது. அவன் அவள் தலைமுடியைப் பிடித்து மேசை விளிம்பில் முகத்தை மோதினான். மூக்கு உடைந்தது அவளுக்கே கேட்டது. வலி வரவில்லை, மாறாக ஒரு குஷி வந்தது. கிதாரின் கழுத்தை இரண்டு கையாலும் பற்றி, முழு பலத்தோடு அவன் மேல் வீசினாள்.

"விடுங்க, போதும்..." என்று கைகளை விரித்தபடி செட்லாரே நடுவில் வந்தான்.

கிதாரின் மர விளிம்பு அவன் வலது காதில் விழுந்தது. களைத்தவன்போல அப்படியே உட்கார்ந்தான். காதுக்குள்ளிருந்து ரத்தம் வழிந்து தோல் சட்டைக் காலருக்குள் இறங்கியது.

மோவாகி வண்டி ஓட்ட, பின்னால் செட்லாரேயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொராதா உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் மோவாகி ரத்தத்தைத் துப்பிவிட்டு, "நான்தான் அடிச்சேன்னு சொல்லிடறேன். நீ வாயத் தொறக்காத" என்றான்.

"என் கைண்ணே அது" என்றாள். போலீஸ்காரர் வந்தபோது அவளே சொன்னாள்.

செட்லாரே ஒத்துக்கொள்ளவில்லை. "பொய் சொல்றா சார். ஏணியிலேர்ந்து விழுந்தேன்."

போலீஸ்காரர் மூன்று முகங்களையும் பார்த்தார். "மூணு பேருமா?"

புகார் இல்லாததால் விட்டுவிட்டார். செட்லாரேயின் வலது காது மட்டும் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த வாரம் செட்லாரேயின் மனைவி பொன்ட்லே கொராதாவின் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் அறைந்தாள். ஆறாத மூக்கிலிருந்து மறுபடி ரத்தம் கொட்டியது. கொராதா கையைத் தூக்கவில்லை.

"அவன் உன்னக் காப்பாத்திட்டான். நான் எதுக்குடி காப்பாத்தணும்?" என்றாள் பொன்ட்லே. "என் மக அந்தப் பக்கம் நின்னு அப்பா அப்பான்னு கத்துறா. அவன் பாட்டுக்குச் சாப்டுட்டு இருக்கான்." இன்னொரு அறை விட்டாள். பிறகு அழுதுகொண்டே போனாள்.

கொராதா கிதாரைத் தொடவில்லை. மோவாகி மஞ்சள் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டியபோது முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு செட்லாரேயே வந்தான். "தாளம் நிக்குதான்னு பாக்கணும். வா."

கொட்டகையில் மோவாகி அவனுடைய இடது பக்கம் நின்றிருந்தான். கொராதாவும் அங்கேயே போய் நின்றாள். செட்லாரே இரண்டு தடவை தப்பாக அடித்தான். குச்சிகளைத் தொடையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"ரெண்டு பேரும் இந்தப் பக்கம் நின்னா சத்தம் தனித்தனியாப் பிரியல. கொராதா, நீ அந்தப் பக்கம் போ."

"அங்க உனக்குக் கேக்காதே."

"கேக்காதுதான். கை தெரியற மாதிரி நில்லு. பாத்து அடிச்சுக்கறேன்."

அவள் சுற்றிப் போய் அவன் வலது பக்கம் நின்றாள். அவன் அவள் விரல்களையே பார்த்தபடி குச்சியை உயர்த்தினான்.