எரியாத சிவப்பு விளக்கு

மலை உச்சியைத் தாண்டி டெல்மரின் பிக்கப் ட்ரக் இறக்கத்தில் இறங்கியபோது, பின்னால் தன் சின்னக் காரில் வந்துகொண்டிருந்த அவன் மனைவி ஆர்டிஸுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ட்ரக்கின் முதுகில் கொக்கி போட்டு மாட்டிய முப்பத்தாறு அடி ட்ரெய்லர் சாலையை மறைத்துக்கொண்டு போனது. அவர்களுடைய வீடே அதுதான். அமெரிக்காவின் டகோட்டாவில் இருந்த வீட்டை ஏப்ரலில் விற்றுவிட்டு, தையல் மெஷினிலிருந்து மகள்களின் கல்யாணப் படங்கள்வரை அதற்குள் அடைத்துக்கொண்டு கிளம்பியவர்கள். மூன்று மாதமாக ஊர் ஊராகச் சுற்றி, இப்போதுதான் வயோமிங் மாநிலத்துக்கு வந்திருந்தார்கள்.

இரண்டாவது வளைவில் ட்ரக்கின் பக்கவாட்டுப் பகுதி தெரிந்தது. அதன் பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. ட்ரெய்லரின் விளக்குகள் எரியவில்லை. ஆர்டிஸ் வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"டெல், ட்ரெய்லர்ல பிரேக் லைட் எரியல."

"பல்பு போயிருக்கும். கீழ போய்ப் பாத்துக்கலாம்."

"ரெண்டும் ஒண்ணாவா போகும்?"



"ட்ரெய்லரே மாட்டலங்குது இந்த பிரேக் மீட்டர். ஒயர் கழண்டிருக்கு."

ட்ரெய்லரின் விளக்குக்கும் பிரேக்குக்கும் ட்ரக்கிலிருந்து கரண்ட் போவது அந்த ஒயரில்தான்; அது கழன்றால் ட்ரெய்லருக்கு பிரேக் கிடையாது. அந்த ஏழு டன்னையும் ட்ரக்கின் பிரேக்தான் தாங்க வேண்டும்.

"நிறுத்து டெல்! ஓரங்கட்டு!"

"ஓரம் எங்க இருக்கு ஆர்டி?"

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அவள் மறுபடி வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தினாள்.

"காலைல அந்த ஒயர நான்தான் சொருகுனேன். மூடி க்ளிக்னு விழுந்துச்சான்னு ஞாபகமே இல்ல."

"அதப் பேச இதுவா நேரம்? புகை வருதா, அதச் சொல்லு."

வந்தது. ட்ரக்கின் சக்கரங்களுக்கு அடியிலிருந்து வெள்ளையாகக் கிளம்பி, ட்ரெய்லரின் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தது. மூடிய கண்ணாடியையும் மீறி எரிந்த நெடி காருக்குள் ஏறியது.

"வருது. நிறைய."

"பெடல் அடிவரைக்கும் போகுது. கியரக் கொறச்சுட்டேன், இஞ்சின் கத்துது. ரெண்டு மைல்ல சரளை மேடு இருக்கு. அங்க ஏத்திடறேன்."

பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்காக, மலையோரம் சரளைக்கல் கொட்டி வைத்த ஏற்றப் பாதை அது. ஆர்டிஸின் காரில் வேக முள் எழுபது மைலைத் தொட்டது. வளைவுகளில் அவளுக்குப் பயமாக இருந்தது. வேகத்தைக் குறைத்தாள். குறைத்ததும், அவனை விட்டுவிட்டு நிற்பதுபோல் இருந்தது. மறுபடி மிதித்தாள்.

சரளைப் பாதையின் வாயில் ஒரு வேன் நின்றிருந்தது. ஒரு பெண் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். டெல்மர் ஹாரனை விடாமல் அழுத்தினான். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, சிரித்து, கையை ஆட்டினாள்.

ட்ரக் விலகிச் சாலையிலேயே போனது. ட்ரெய்லரின் ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி விழுந்தன. அந்த வேனைக் கடக்கும்போது ஆர்டிஸ் மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து, "தள்ளுங்க, தள்ளுங்க!" என்று கத்தினாள். தள்ளி இனி என்ன ஆகப்போகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"ஆர்டி, பின்னால போயிடு. ரொம்பத் தள்ளி."

"என்ன பண்ணப் போற?"

"பாறையில உரசப் போறேன். பேசாத. நீ பேசுனா நான் கேட்டுட்டே இருப்பேன்."

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

ட்ரக் மலைப்பக்கம் சாய்ந்தது. தீப்பொறி பறந்தது. ட்ரெய்லர் பக்கவாட்டில் சுழன்று, கொக்கியைப் பிய்த்துக்கொண்டு சாலையில் படுத்து, படுத்தபடியே வழுக்கி, தடுப்புக் கம்பியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் மறைந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

ட்ரக் மலையோர வாய்க்காலில் மூக்கைப் புதைத்து நின்றிருந்தது. ஆர்டிஸ் ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். அவன் உட்கார்ந்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். நெற்றியில் ரத்தம்.

"கைய எடு டெல்."

"எடுக்க வரல."

ஒவ்வொரு விரலாக அவள்தான் பிரித்து எடுத்தாள்.

"நான் சரியாச் சொருகல..."

"கெளம்பறதுக்கு முன்னாடி சுத்திவந்து பாக்கறது என் வேல. நானும் பாக்கல."

போனில் சிக்னல் இல்லை. வண்டியை நிறுத்தி இறங்கிய ஒரு லாரிக்காரன், கீழே போய் போலீஸுக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். இருவரும் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். டெல்மர் நெஞ்சைத் தடவிக்கொண்டான்.

"என் ஹார்ட் மாத்திரையக் கொஞ்சம் எடேன்."

அவள் எழுந்துவிட்டாள். மாத்திரை ட்ரெய்லருக்குள் இருந்தது என்பது எழுந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. உடைந்த கம்பிவரை நடந்து, கீழே பைன் மரங்களில் தொங்கிக்கொண்டிருந்த துணிகளைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.