பதில் நாற்காலிக்கு வந்த பூதம்

கேள்வி முடியும் முன்பே பதிலைத் தொடங்கிவிடும் பழக்கம் ப்ரியதர்ஷினிக்கு இருந்தது. பதில் பெரும்பாலும் சரியாகவே அமைந்துவிட்டதால், அந்தப் பழக்கத்தை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் அவள் விலங்கியல் ஆசிரியை. வாரநாள்களில் தவளையின் இதயத்தைப் பற்றி அவள் பிள்ளைகளைக் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், உலகத்தில் எங்குமே இல்லாத விலங்குகளைப் பற்றி நானூறு பேர் அவளைக் கேட்பார்கள்.

அந்த விலங்குகள் 'குடுவைப் பூதங்கள்' என்னும் கைப்பேசி விளையாட்டில் வாழ்பவை. திரையில் காடும் மலையும் கடலுமாக அலைந்து, எதிர்ப்படும் பூதங்களைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து அடைக்க வேண்டும். அடைத்ததை வளர்க்க வேண்டும். வளர்த்ததை அடுத்தவன் பூதத்தோடு மோதவிட வேண்டும். விளையாட்டைத் தயாரித்த வெளிநாட்டு நிறுவனம் பூதங்களைக் கொடுத்ததே ஒழிய, விளக்கம் எதையும் கொடுக்கவில்லை. நெருப்புப் பூதம் மழையில் நனைந்தால் காய்ச்சல் வருமா, இரண்டு தலைப் பூதத்தில் எந்தத் தலைக்குப் பசிக்கும், முட்டையிலிருந்து வரும் பூதத்துக்குத் தொப்புள் எதற்கு என்பன போன்ற ஐயங்களால் வட்டாரத்து இளைஞர் பலர் உறக்கம் இழந்திருந்தனர். அவர்கள் சேர்ந்து அமைத்த குழுவுக்குக் 'குடுவைக் குடும்பம்' என்று பெயர். ஞாயிறுதோறும் நடக்கும் காணொளிக் கூட்டத்தில் பதில் சொல்பவர் அமரும் இடத்துக்குப் 'பதில் நாற்காலி' என்று பெயர். பதில் தவறென்று மெய்ப்பிக்கப்பட்டால் அமர்ந்திருப்பவர் இறங்க வேண்டும். சரியான பதிலைச் சொன்னவர் ஏற வேண்டும். நான்கு ஆண்டுகளாக ப்ரியதர்ஷினி இறங்கியதில்லை. பள்ளியில் கிடைக்காத மரியாதை அவளுக்கு அங்கே கிடைத்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை என்றாலும், ஞாயிறு மதியமே தலை சீவிக்கொள்வதிலிருந்து வீட்டார் ஊகித்திருந்தனர்.

அந்தப் புதன்கிழமை, குழுவில் பாத்திமா ஹனா ஒரு படத்தைப் போட்டாள். அடுத்த தெருக்காரி, பி.காம். முடித்துவிட்டு, அண்ணன் முகம்மது அப்சலின் நைட்டி தைக்கும் கூடத்தில் கணக்கும் கைப்பேசியும் பார்த்துக்கொள்பவள். படம் மங்கலாக இருந்தது. முன்பாதி யானை: தூக்கிய துதிக்கை, விரிந்த காது, ஒரே ஒரு முன்னங்கால். வயிற்றின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னால், எவ்வித முன்னறிவிப்பும் இன்றி, செதிலும் வாலுமாக மீன். படத்தின் கீழே ஹனா ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: "இது எந்தப் பூதம்?"

எங்கே கிடைத்த படம் என்று கேட்டிருக்கலாம். ப்ரியதர்ஷினி பதிலைத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த மாதம் வரவிருக்கும் புதிய பதிப்பின் பூதம் அது. நிறுவனத்திலிருந்து கசிந்த படம். நடுவில் உள்ள கோடு நில உயிர் நீருயிராக மாறும் எல்லை. பின்னணியில் தெரியும் வெளிர்ஊதாப் பூக்கள், நிறுவனம் அறிவித்திருக்கும் மலர்ச் சமவெளி. படம் முழுதும் ஓடும் மடிப்புகள் வெப்பக்காற்றின் அலைகள். இப்படிப் பன்னிரண்டு காரணங்களை அவள் நிரல்படக் கொடுத்தாள். 'கயல்வேழம்' என்று பெயரும் சூட்டினாள். பெயர் கிடைத்ததும் குழு தன்வசம் இழந்தது. கயல்வேழத்துக்குத் தந்தம் எந்தப் பருவத்தில் முளைக்கும், துதிக்கையால் மூச்சு விடுமா செவுளாலா, ஒற்றைக் காலால் கரையேறுவது எப்படி என்றெல்லாம் விடிய விடிய விவாதித்தார்கள்.

ஒருவன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. சிவகிரியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் லிங்கேஷ், நாற்காலியின் மீது நீண்ட நாளாகக் கண் வைத்திருந்தவன். அவன் குரலையே பதிவு செய்து அனுப்பினான்.

"மேடம், இது பூதமும் இல்ல, புண்ணாக்கும் இல்ல. கம்ப்யூட்டர் வரைஞ்சு தள்ளுன படம். பாதியில கரண்டு போயிருக்கும், மீனாயிட்டு. ஞாயித்துக்கெழம பேசித் தீத்துக்கிடுவோம். தோத்தா இறங்குவியளா?"

"இறங்குகிறேன்" என்று ப்ரியதர்ஷினி எழுதினாள். முற்றுப்புள்ளி வைக்கவும் மறக்கவில்லை.

சனிக்கிழமை காலை, பள்ளிக்கு உடுத்தும் சேலையைக் காயப்போட மாடிக்குப் போனாள். தெருவில் தறிகள் வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தன. கொடியில் அம்மா பாலம்மாளின் புது நைட்டி காற்றில் உப்பி நின்றது. அதன் இடுப்புப் பக்கத் தையலில், வெளிர்ஊதாப் பூக்களின் நடுவே, துதிக்கையைத் தூக்கிக்கொண்டு கயல்வேழம் நின்றது.

"அம்மா!"

பாலம்மாள் படியேறி வந்தாள். "என்னட்டி, ஓணானா?"

ப்ரியதர்ஷினி தையலை நோக்கி விரலை நீட்டினாள்.

"அந்தக் கொடுமையக் கேக்கியா? யானையும் மீனும் போட்ட துணி. வெட்டுனவன் எந்த நெனப்புல வெட்டுனானோ, முன்பக்கம் யானையில பாதி, பின்பக்கம் மீன்ல பாதி. ரெண்டையும் சேத்து வச்சு ஒரே அடி. உடுத்தி ஒருதடவ அலசுன பெறகுதான் கண்ணுல பட்டுச்சு. அன்னைக்கே போட்டோ புடிச்சு அப்சலுக்கு அனுப்பிட்டேன், யானைக்கு மீன் வாலத் தச்சிருக்கிய, மாத்தித் தாங்கன்னு."

"என்னைக்கும்மா?"

"செவ்வாக்கெழம. ஏன், ஒனக்கும் ஒண்ணு வேணுமா?"

ப்ரியதர்ஷினி அப்சலின் கூடத்துக்கு நடந்தே போனாள். வண்டிச் சாவியை எடுக்கும் நினைவு வரவில்லை. ஹனா விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். தோழியின் முகத்தைப் பார்த்ததும் ஒட்டுவதை நிறுத்தினாள்.

"தெரிஞ்சுபோச்சாக்கா?"

"ஏட்டி, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"நான் வெளையாட்டுக்குக் கேட்டேன்க்கா. நீங்க சிரிப்பியன்னு பாத்தா, பன்னெண்டு காரணம் சொல்லுதிய. பன்னெண்டும் நல்லா இருந்துச்சு. நம்ம நைட்டிக்குள்ள இவ்வளவு இருக்கான்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. எங்கன எடுத்த படம்னு நீங்க கேக்கவே இல்லையே."

உள்ளேயிருந்து அப்சல் கவலையோடு வந்தான். "பாப்பா, நானூறு பேரு அந்தத் தையலப் பத்திப் பேசுதாங்களாமே. ஒரு நைட்டிக்கு இத்தன பேரா கம்ப்ளெய்ண்டு பண்ணுவாங்க? அலசுன நைட்டிய நான் யாருக்கும் மாத்தித் தாரதில்ல. அத்தைக்குத் தாரேன். திங்கக்கெழம வரச் சொல்லு. யூடியூப்ல மட்டும் போட்டுராத."

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்க்கா" என்றாள் ஹனா. "மாத்திட்டா அந்தத் தையலப் பிரிச்சிருவாங்க. பெறகு ஒரு பயலுக்கும் தெரியாது."

திரும்பி வரும் வழியெல்லாம் ப்ரியதர்ஷினி அதையே எண்ணினாள். ஹனா வாய் திறக்க மாட்டாள். கணினி வரைந்தது என்ற லிங்கேஷின் கட்சியும் பொய்தான். அவனால் அதை மெய்ப்பிக்க இயலாது. அடுத்த மாதம் புதிய பதிப்பில் கயல்வேழம் வராமற்போனால், 'நிறுவனம் இறுதி நேரத்தில் கைவிட்ட பூதம்' என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரியை மனத்துக்குள் எழுதியும் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாத வரி. அதுவே அவளை உறுத்தியது. முந்தைய நாள்தான், தவளையின் இதயத்துக்கு மூன்று அறைகளோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்து வரைந்திருந்த மாணவிக்குச் சுழியம் போட்டிருந்தாள். 'நாலு இருந்தாத்தான் மிஸ் அழகா இருக்கு' என்று அந்தப் பெண் காரணம் சொல்லியிருந்தாள். அந்தக் காரணத்தோடு ஒப்பிட்டால், தன் பன்னிரண்டும் தேறுமா என்பது ஐயத்துக்கு இடமானது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். சொல்வதற்குச் சான்று வேண்டும். சான்று கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"எந் நைட்டியவா?" என்றாள் பாலம்மாள். "நானூறு ஆம்பளைக்கா காட்டப் போற?"

"பாதிப் பேரு பொம்பளைங்கம்மா."

"அப்ப எரநூறு ஆம்பளைக்கா?"

"தையல மட்டும்மா. ஒரு சாண் அளவு."

"ஒரு சாணும் கெடையாது, ஒரு வெரக்கடையும் கெடையாது. ஒன் வெளையாட்டுக்கு நீ சேலையக் கட்டி உக்காந்துக்க. எந் துணிய இழுக்காத." இவ்வாறு சொன்ன பாலம்மாள், நைட்டியை எடுத்து மடித்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஞாயிறு மாலை, கூடத்தில் விசிறிக்கு நேர்கீழே நாற்காலியைப் போட்டு, ப்ரியதர்ஷினி திரை முன் அமர்ந்தாள். நானூறு பேரும் வந்திருந்தார்கள். வணக்கம் சொல்லிவிட்டு, நடந்தது அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கயல்வேழம் என்பது பூதம் அன்று. தன் தாயாருடைய நைட்டியின் இடுப்புத் தையல். பன்னிரண்டு காரணங்களும் பிழை. மலர்ச் சமவெளி என்பது துணியின் பூ. வெப்பக்காற்றின் அலைகள் எனப்பட்டவை இஸ்திரி போடாத சுருக்கங்கள். ஆகவே தான் நாற்காலியை விட்டு இறங்குவதாகவும் தெரிவித்தாள்.

திரையில் எழுத்துகள் மழையாகக் கொட்டின.

"அக்காவ கம்பெனிக்காரன் மெரட்டிட்டான்."

"நைட்டின்னு சொல்றப்ப கண்ணச் சிமிட்டுனாங்க பாத்தியளா? அது நமக்குச் சிக்னல்."

"இவ்வளவு கேவலமான பொய்ய யாரும் சும்மா சொல்ல மாட்டாங்க. அப்ப படம் நெசந்தான்."

கரிவலம்வந்தநல்லூர் சங்கரசுப்பு, கயல்வேழத்தைக் காப்பாற்றுவோம் என்று எழுதிய அட்டையோடு திரையில் தோன்றினான். அட்டையை முன்கூட்டியே ஏன் எழுதி வைத்திருந்தான் என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாரையும்விட லிங்கேஷுக்குத்தான் மனம் புண்பட்டிருந்தது. வெற்றிக்காக அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தான்.

"மேடம், தோத்தா தோத்துட்டேன்னு சொல்லுங்க. கம்ப்யூட்டர் படம்னு ஒத்துக்கிடுங்க. அத விட்டுட்டு நைட்டிங்கிய, அம்மாங்கிய. என்னைய ஜெயிக்க விடக் கூடாதுன்னே பொய் சொல்லுதிய."

"நான் பொய் சொல்லல, லிங்கேஷ்."

"பொய்தான். சுத்தப் பொய்."

அடுக்களையில் தோசை வார்க்கும் ஓசை நின்றது. பீரோ திறக்கும் ஓசை கேட்டது. பாலம்மாள் கூடத்துக்கு வந்தபோது, நைட்டியைச் சுருட்டி, தையல் இருந்த ஒரு சாண் பகுதியை மட்டும் வெளியே விட்டு, எஞ்சியதை இரண்டு கைகளுக்குள்ளும் இறுகப் பொத்தியிருந்தாள். அந்த ஒரு சாணைக் கேமராவுக்கு முன் நீட்டினாள்.

"யார்ல அது, எம் பிள்ளையப் பொய்யிங்கவன்? பாத்துக்க."

யானையும் மீனும் திரையை நிறைத்தன. நானூறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். லிங்கேஷ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

"அத்தை, கோவப்படாதிய. இது நைட்டின்னு எப்படி நம்புதது? பெட்சீட்டு மாதிரில்லா இருக்கு?"

பாலம்மாள் ஒரு கணம் மகளைப் பார்த்தாள். பிறகு நைட்டியைத் தோள் இரண்டையும் பிடித்து ஓர் உதறு உதறி, முழு நீளத்துக்கும் விரித்துக் காட்டினாள்.

"கை தெரியுதால? கழுத்து தெரியுதா? கழுத்துல லேசு தெரியுதா? எந்தூர்லல பெட்சீட்டுக்குக் கை வச்சுத் தைக்கான்?"

அட்டையைச் சங்கரசுப்பு மெல்லக் கீழே இறக்கினான்.

"அப்ப நாந்தான் ஜெயிச்சது" என்றான் லிங்கேஷ். "நாற்காலிய எனக்குக் குடுத்துருங்க."

"நாற்காலி எங்க வீட்டு நாற்காலில்லா? அதத் தூக்கிட்டுப் போறதுக்கு நீ யாரு?" என்றாள் பாலம்மாள்.

ப்ரியதர்ஷினி விளக்கத் தொடங்குமுன் ஹனாவின் குரல் கேட்டது. கேள்வி கேட்டவள் என்ற முறையில் தீர்ப்புச் சொல்லும் உரிமை அவளுக்கு இருந்தது. "அக்கா பூதம்னு சொன்னாங்க. அது தப்பு. லிங்கேஷ் அண்ணன் கம்ப்யூட்டர்னு சொன்னாங்க. அதுவும் தப்பு. யானைக்கு மீன் வாலத் தச்சிருக்குன்னு செவ்வாக்கெழமையே சொன்னது அத்தைதான். மெசேஜ் எங்கிட்ட இருக்கு. சரியான பதிலச் சொன்னவங்கதான் நாற்காலியில ஏறணும்."

விதி தெளிவாக இருந்தது. அதை எழுதியவளே ப்ரியதர்ஷினி. அவள் எழுந்தாள். இந்தக் கணத்தை நினைத்து முந்தைய நாளிலிருந்து கலங்கிக் கிடந்தவள், எழுந்தபின் காலுக்கு ஒன்றும் நேராததைக் கண்டு வியந்தாள். வழக்காடும் எண்ணம் இல்லாதவளாய், விசிறிக்குக் கீழே இருக்கும் ஒரே இடம் என்ற காரணத்தால் பாலம்மாள் அமர்ந்தாள்.

உடனே கேள்விகள் எழுந்தன. முதலில் சங்கரசுப்பு கை தூக்கினான். "அத்தை, பெரிய சைஸ்ல இது எப்படி உருமாறும்?"

"டபுள் எக்ஸ்எல்லா? துணி கூடுதலாப் போவும்லா. யானைக்கு இன்னொரு காலும் சேந்து வரும்."

நானூறு பேரும் பெருமூச்சு விட்டார்கள். ஒற்றைக் கால் பற்றிய விவாதம் அத்துடன் முடிவுற்றது.

"தண்ணிக்குள்ள இதுக்கு பலம் கூடுமா, கொறையுமா?"

"எங்க கூடுது? மொத அலசுலயே சாயம் போவுது. கல்லுப்பு போட்டு ஊற வைக்கணும்."

தரையில் அமர்ந்த ப்ரியதர்ஷினி, குழுவின் குறிப்பில் எழுதினாள்: 'கயல்வேழம் நீரில் வலிமை குன்றும், உப்பால் மீளும்.' தான் சொல்லியிருந்தால் இதற்கு ஆறு காரணங்கள் தேவைப்பட்டிருக்கும் என்று தோன்றியது. பதில் சொல்லும் பொறுப்பு இல்லாதபோது கேள்விகள் முழுதாகக் காதில் விழுகின்றன என்பதையும் அப்போதுதான் கவனித்தாள். நன்றாகவே கேட்கிறார்கள்.

"நாளைக்கு இத மாத்தித் தாரேன்னு அப்சல் சொல்லியிருக்கான்" என்று பேச்சோடு பேச்சாகப் பாலம்மாள் சொன்னாள்.

குழு அலறியது. மாற்றக் கூடாது, தையலைப் பிரிக்கக் கூடாது என்று நாலா பக்கமிருந்தும் வேண்டினார்கள். உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது என்று ஒருவன் தழுதழுத்தான். எல்லாக் குரல்களுக்கும் மேலே லிங்கேஷின் குரல் எழும்பியது. தோல்வியை மறந்திருந்தான், கண்கள் பளபளத்தன.

"அத்தை, அவன்ட்ட குடுக்காதிய. காலையில மொத பஸ்ஸுக்கு நானே வாரேன். அந்த நைட்டிய எனக்குத் தந்திருங்க. பத்திரமா வச்சுக்கிடுதேன்."

ப்ரியதர்ஷினி எழுதுவதை நிறுத்தினாள்.

"ஒரு பொம்பள உடுத்தி அலசுன நைட்டியவால கேக்க?" என்றாள் பாலம்மாள், ஒவ்வொரு சொல்லாக. "சிவகிரியில ஒங்கம்மை இருக்காளா? அவ நம்பரக் குடு."

திரையில் லிங்கேஷின் கட்டம் மறைந்தது. மற்றக் கட்டங்கள் சற்றே நகர்ந்து, அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன.

பாலம்மாள் நைட்டியை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் திரைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"அடுத்து யாருப்பா? சீக்கிரம் கேளுங்க, தோச ஆறுது."